வரையாத எழுத்து

பெட்டித் திரையில் 'வெளிச்சம் வேணாம்' என்று வந்ததும் அவள் ஜன்னலைச் சாத்தினாள். மாமனார் கேட்டதைச் செய்துவிட்டு அடுத்த அறைக்குத் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. வ-வையும் ள-வையும் அவள் இன்னும் வரையவே இல்லை.

சின்னத் திரைகளுக்குப் புள்ளிப் புள்ளியாய் எழுத்துகளை வரைவது அவள் தொழில். தராசு, லிஃப்ட், துணி துவைக்கும் மெஷின், எதுவானாலும் எட்டுப் புள்ளி உயரத்துக்குள் எழுத்தை மடக்கி உட்கார வைக்க வேண்டும். நாலு மாசத்துக்கு முன் மாமனாருக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து பேச்சும் போனபோது, இடது கையால் தட்டினால் எழுத்து தெரிகிற பெட்டியொன்றை அவளே செய்து அவர் மடியில் வைத்தாள். ல, வ, ழ, ள மட்டும் பாக்கி. அவற்றைத் தட்டினால் வெறும் கட்டம்தான் வரும்.

கம்ப்யூட்டரில் எழுத்துக் கோப்பைத் திறந்து பார்த்தாள். நாலு இடமும் காலி. ஒரு வாரமாக அவளை மல்லுக்கட்ட வைத்த 'ளி'கூடச் சற்று முன் பெட்டித் திரையில், கொக்கியோடு கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

கணவனுக்கு போன் போட்டாள். "என்னங்க, மாமாவோட பெட்டியில ஏதாவது மாத்தினீங்களா?"

"எனக்கு அதோட சுவிட்ச் எங்கன்னே தெரியாது. ஏன், அப்பா திட்டிட்டாரா?"

"ஒண்ணுமில்ல. சீக்கிரம் வாங்க."

எழுந்து மாமனாரிடம் போனாள். மதியம்தான் என்றாலும் அவர் அறை இருண்டு கிடந்தது. தைல வாசனைக்கு அடியில் நனைந்து காயாத துணியின் வாடை, தலைக்கு மேல் மின்விசிறியின் சீரான கிறீச். ஜன்னல் இடுக்கில் நுழைந்த வெயில் கட்டில் காலைத் தொடாமல் தரையிலேயே நின்றுவிட்டது.

"மாமா, வெளிச்சம் வேணாம்னு நீங்கதானே கேட்டீங்க?"

தலையணையில் சாய்ந்திருந்தவரின் இடது கை நடுங்கி நடுங்கி விசைகளைத் தேடியது.

நான் இ□□

நான் இல்ல. அவர் தட்டினால் கட்டம்தான் வருகிறது.

அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் பொத்திக்கொண்டாள். சில்லிட்டிருந்தது. "பயப்படாதீங்க மாமா. நான் இங்கதான் இருக்கேன்."

டக்.

இடது கை அவள் கைக்குள்தான் இருந்தது.

டக். டக்.

வலது கை. நாலு மாசமாக அவள் தூக்கி வைத்த இடத்திலேயே கிடந்த கை. அதன் ஒற்றை விரல். நிதானமாக. நடுக்கமே இல்லாமல்.

அவர் தூங்கட்டும். இனிமேல் நான் பேசுவேன்.

திரையில் ஒரு கட்டம்கூட இல்லை.

நிமிர்ந்தாள். தொங்கிக் கிடந்த வலது பாதி முகம் மெல்ல மேலேறி, அவளைப் பார்த்துச் சிரித்தது. இடது கண் அழுதுகொண்டிருந்தது.