ஒரு பக்கம் எழுதுவதற்குள்

மேலகரத்தில் நான்கு நாளாகச் சாரல் விடவில்லை. அய்யாக்குட்டி ஓட்டும் லாரியும் லோடு கிடைக்காமல் வீட்டு வாசலிலேயே நனைந்துகொண்டிருந்தது.

ஞாயிறு காலையில்தான் லாரி முதலாளியின் போன் வந்தது. தென்காசியில் வெங்காயம் ஏற்றி, மலைப்பாதை வழியாகக் கொல்லம் போகவேண்டும். அவர் என்ஜினை ஓடவிட்டு டேங்கில் காற்றை ஏற்றினார். பிறகு அணைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

மகள் முத்துசெல்வி லாரிக்குள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். சற்று நேரத்தில் இறங்கி ஓடிவந்தாள்.

"அப்பா, காத்து மீட்டர் ஊசி எட்டுல இருந்துச்சு. ஒரு பக்கம் எழுதுறதுக்குள்ள அஞ்சுக்கு வந்துட்டு."

"பழைய வண்டிட்டி. இறங்கத்தான் செய்யும்."

"பிரேக் பிடிக்கதே அந்தக் காத்துதானே?"

"ஆமா. மிதிச்சா, டேங்குல அடைச்சு வச்ச காத்து ஓடிப்போய்ப் பிரேக்கைத் தள்ளும். பின்சக்கரத்துல பெரிய ஸ்பிரிங்கும் இருக்கு. அதைக் காத்துதான் அமுக்கி வச்சிருக்கும். காத்து போச்சுன்னா, ஸ்பிரிங் விரிஞ்சு தானா இறுக்கிப் பிடிச்சிரும். வண்டி நின்னுரும். பயப்படாத."

முத்துசெல்வி யோசித்தாள்.

"எங்கன நிக்கும்?"

"எங்கனன்னா?"

"இறக்கத்துல, வளைவுல, ரோடு நனைஞ்சு கிடக்கும்போது தானாப் பிடிச்சா?"

அப்பா தலை துவட்டுவதை நிறுத்தினார். போன மாதம் மலை வளைவில்தான் மாரிராஜ் மாமாவின் லாரி கவிழ்ந்தது. மாமா இன்னும் கட்டிலை விட்டு எழவில்லை.

"சாரல் சத்தத்துல காத்து போறது கேக்காதே. எங்கனன்னு தேட?" என்றார்.

முத்துசெல்வி ஒரு டம்ளரில் துணி சோப்பைக் கரைத்து வந்தாள்.

அப்பா சக்கரங்களுக்குக் கல் கொடுத்துவிட்டு லாரிக்கு அடியில் படுத்தார். குழாய் இணைப்புகளில் நுரையைத் தடவினார். அவள் வெளியே குனிந்து டார்ச் அடித்தாள்.

"அந்தா, அப்பா!"

மீன் கண் போல ஒரு குமிழி வந்தது. உடைந்தது. அடுத்தது வந்தது. ரப்பர் குழாயில் கீறல் விட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை உதிரிபாகக் கடை இல்லை. அப்பா லாரி முதலாளிக்குப் போன் செய்தார்.

"ஒரு குழாய்க்காகவா வண்டிய நிப்பாட்டுத? லோடை வேற ஆளுக்குக் குடுக்கேன், போ."

"சரி, அண்ணாச்சி."

அன்றும் லாரி வாசலிலேயே நின்றது.

திங்கள் மாலை புதுக்குழாய் மாட்டினார்கள். அப்பா காற்றை ஏற்றி, என்ஜினை அணைத்தார்.

"ஏறி எழுது."

அவள் ஒரு பக்கம் எழுதினாள். ஊசி எட்டிலேயே நின்றது. சாரல் விடவில்லை. போனும் வரவில்லை.

"வீட்டுப்பாடம் முடிஞ்சுட்டுப்பா."

அப்பா ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு உள்ள பாடத்தை எழுதுட்டி. இன்னொரு பக்கம் பார்ப்போம்."