வரிசையில் முதல் மெயில்

அவுட்பாக்ஸின் பக்கத்தில் சிவப்பாக 2 என்று காட்டியது. சிர்பா அனுப்ப வைத்திருந்ததோ ஒரே ஒரு மெயில்தான்.

மணி மூன்று. டிசம்பர் மாதத்தில் குவோபியோ நகரத்துப் பக்கம் மூன்று மணிக்கே இருட்டிவிடும், அதற்காக அங்கே யாரும் அலட்டிக்கொள்வதில்லை. புகைபோக்கி துடைக்கும் எஸ்கோவின் அலுவலகத்தில் அவள் மட்டும்தான் இருந்தாள். ஆறிப்போன காபியும், காயாத கம்பளிக் கையுறையும், எத்தனை கழுவினாலும் சுவரை விட்டுப் போகாத புகைக்கரியும் கலந்த அந்த வாசனை பதினாறு வருடமாக அவளுக்குப் பழக்கம். மூலையில் கூரை வரைக்கும் ஒரு செங்கல் அடுப்பு. வாடிக்கையாளர் ரைமோ ஹாப்பலாவின் அடக்கத்துக்குப் போய்வந்ததிலிருந்து மூன்று வாரமாக எஸ்கோ அதைப் பற்றவைக்கவில்லை.

காலையில் கிளம்பும்போது அவர் வாசலில் நின்று சொன்னார். "ஏம்மா சிர்பா, ரைமோ வீட்டு அடுப்புல விரிசல் இருக்கு, பத்தவைக்காதீங்கன்னு நாம எச்சரிச்சதுக்குத் தீயணைப்பு ஆபீஸ்ல ஆதாரம் கேக்கறாங்க. இன்னிக்குள்ள போகலேன்னா என் லைசென்ஸ் காலி. நல்லவேளை, நீ அக்டோபர்லயே அனுப்பிட்டே."

"அனுப்பிட்டேனே," என்றாள். இந்தப் பொய்யை அவள் சொல்வது மூன்றாவது தடவை. நாக்கு கொஞ்சமும் தடுமாறவில்லை என்பதுதான் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

நடந்தது இதுதான். அக்டோபரில் ரைமோ காட்டுமான் வேட்டைக்குப் போயிருந்தார். படிக்கட்டுக்கு அடியில் இருந்த சாவியை எடுத்துத் திறந்து எஸ்கோ புகைபோக்கியைத் துடைத்தார், விரிசலைப் பார்த்தார், எச்சரிக்கையை எழுதி அலுவலகத்தில் கொடுத்தார். சிர்பா அதை பில்லோடு இணைத்து மெயிலில் போட்டாள். அந்த வாரம் பார்த்து கணக்கு மென்பொருளிலிருந்து ஒரு மெயிலும் போகவில்லை. நாற்பத்தொன்று தேங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை, சீக்கிரம் வீட்டுக்குப் போகிற நாள். பில்களை எல்லாம் காகிதத்தில் அச்செடுத்துத் தபாலில் போட்டாள். அந்தச் சிவப்பு எண் கண்ணை உறுத்தியதால், எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் 'அனுப்பப்பட்டது' என்று குறித்துவிட்டாள்.

மென்பொருள் பில்லை மட்டுமே அச்செடுக்கும், இணைப்பை எடுக்காது. அது பேருந்தில் போகும்போது நினைவுக்கு வந்தது. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். திங்கட்கிழமை பார்க்கவில்லை.

மெயில் எதுவானாலும் பதில் போடுகிற மனிதர் ரைமோ. "கிடைத்தது. நன்றி. ரைமோ, ஹல்லா" என்று நாயின் பெயரையும் சேர்த்தே எழுதுவார். அந்தத் தடவை பதில் வரவில்லை. அப்போதாவது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கத்தான் செய்தது.

இறந்துபோயிருந்த அவரை நாற்காலியிலும் நாயை அவர் காலடியிலும் எஸ்கோதான் பார்த்தார். "விஷப்புகை அப்படித்தான் பண்ணும்மா. இப்பத்தான் சவுனாவுல நீராவிக் குளியல் முடிச்சுட்டு வந்த மாதிரி, முகம் ரோஸ் கலர்ல இருந்துச்சு," என்றார்.

இன்றைய மெயிலும் போகாததால் சிர்பா மென்பொருள் உதவி எண்ணை அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டாள். நீலோ என்று ஒரு பையன் எங்கிருந்தோ அவளுடைய திரையைத் தன் கையில் எடுத்துக்கொண்டான். அம்புக்குறி தானாக நகர்ந்தது.

"பாஸ்வேர்டு சரியா இருக்கு. சர்வரும் சரி. உங்க மெயில் ரெண்டாவதா நிக்குது, அதான் விஷயம். முன்னாடி ஒண்ணு வழியை அடைச்சுக்கிட்டிருக்கு. அக்டோபர் பதினாலு. ரைமோ ஹாப்பலான்னு ஒருத்தருக்கு."

"அதை அழிச்சிடுங்க."

"இணைப்பு ஒண்ணு இருக்கே, முக்கியமானதா இருந்தா..."

"அழிச்சிடுங்கன்னு சொல்றேன்ல."

அழித்தான். எண் 1 ஆனது. அவள் மூச்சு விடுவதற்குள் மறுபடி 2.

"இதென்ன, எருமை மாதிரி நகர மாட்டேங்குது," என்று நீலோ சிரித்தான். மறுபடி அழித்தான். மறுபடி வந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்தது. வாசல் பக்கமிருந்து, மரத்தரையில், மெதுவாக, நின்று நின்று, வயதான நாய் ஒன்று வழுக்காமல் நடக்கப் பார்ப்பதுபோல் நகங்கள் தட்டிக்கொண்டு வந்தன. வெந்நீர்க் குழாயாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. சத்தம் அவளுடைய மேசையைச் சுற்றிக்கொண்டு அடுப்புப் பக்கம் போயிற்று.

"போயிடுச்சு!" என்றான் நீலோ. "நான் ஒண்ணும் பண்ணல, அதுவாவே போயிடுச்சு. அவரு திறந்தும் பாத்துட்டாரு. மூணு பன்னெண்டு."

"யாரு?"

"ரைமோதான். நல்ல மனுஷன் போல. பதிலே போட்டுட்டாரு, பாருங்க."

அவள் பார்க்க விரும்பவில்லை. பார்த்தாள்.

*கிடைத்தது. நன்றி. இனி அடுப்பைப் பற்றவைக்க மாட்டேன். ரைமோ, ஹல்லா.*

சிர்பா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்த நன்றியைத்தான் தாங்க முடியவில்லை. இரண்டு வரி. அந்த வெள்ளிக்கிழமை அவள் பேருந்திலிருந்து இறங்கித் திரும்பியிருந்தால், அந்த மனிதர் இதே இரண்டு வரியை எழுதிவிட்டு, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, உயிரோடு இருந்திருப்பார்.

"சிர்பா? உங்க மெயிலும் கிளம்பப் போகுது. விட்டுடவா?"

தீயணைப்பு ஆபீசுக்கான மெயில். 'அனுப்பப்பட்டது, அக்டோபர் 14' என்ற அவளுடைய பொய்க்கு ஆதாரம்.

"வேணாம். அழிச்சிடுங்க."

புது மெயில் ஒன்றைத் திறந்தாள். எஸ்கோவுக்கு. தலை வலித்தது. அறையில் வெக்கை. ஸ்வெட்டரைக் கழற்றினாள். பிறகுதான் கை நின்றது. மூன்று வாரமாகத் தீ மூட்டாத அறை. முதுகில் சூடு. அடுப்பின் சூடு. பிர்ச் விறகின் வாசனை. புகை வெளியே போகாதபடி அடைப்பான் மூடித்தான் இருந்தது, காலையில் அவளே தொட்டுப் பார்த்திருந்தாள்.

எழுந்து ஓட வேண்டும். கால் கேட்கவில்லை. விரல் மட்டும் கேட்டது.

*எஸ்கோ, நான் அனுப்பவே இல்லை. தப்பு என்னுடையது. உங்களுடையது இல்லை.*

அனுப்பு என்பதை அழுத்தினாள்.

1.

மறுபடி அழுத்தினாள்.

1.

"நீலோ, போகல..."

போனில் சத்தமே இல்லை. நகச் சத்தமும் நின்றிருந்தது.

எதிரே கறுத்த ஜன்னல். கண்ணாடியில் மேசை விளக்கு, கணினித் திரை, அவள் முகம். சவுனாவிலிருந்து இப்போதுதான் வந்ததுபோல் ரோஸ் நிறத்தில் இருந்தது. அவள் தோளுக்குப் பின்னால், அடுப்பை ஒட்டிய நாற்காலியில், அதே நிறத்தில் இன்னொரு முகம். பொறுமையாக. கோபமே இல்லாமல். காலடியில் ஒரு நாய்.

மூவரும் அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.