ஐந்தாவது பாட்டில்

நான்காவது உடலையும் வெள்ளைத் துணி மூடியது.

1987 செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டு ஊரெங்கும் சாலை மறியல். கள்ளக்குறிச்சியின் அந்தத் தனியார் மருத்துவமனை வராந்தாவில் கைவிலங்கோடு நின்றான் தமிழரசன். வயது இருபது. கச்சிராயபாளையம் சாலையில் புளியமரத்தை வெட்டிச் சாய்த்தவன்.

"நாலு உசுரு போச்சுடா," என்றார் இன்ஸ்பெக்டர் சின்னக்கண்ணு. "கொலைக் கேசு."

"ஆஸ்பத்திரி ஜீப்புன்னதும் வழி வுட்டுட்டோம் சார்..."

"லேட்டா வுட்டே," என்றார் டாக்டர் தெய்வசிகாமணி. "கல்வராயன் மலையிலேர்ந்து வந்த வயித்துப்போக்கு கேசு பன்னெண்டு. நாலு போயிடுச்சு."

"எந்த நாலு?"

கேட்டவர் பாவாடை. சுகாதாரத் துறைப் புள்ளியியலாளர். கையில் நர்ஸ் எழுதிய வார்டு நோட்டு.

"மரத்துக்கிட்ட மாட்டுனது ஆறு பேரு. அதுல ரெண்டு சாவு. மாட்டாத ஆறுலயும் ரெண்டு. மரம் இன்னா பண்ணுச்சு டாக்டர்?"

டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"புதுப் பெட்டி குளுக்கோஸ் ஏத்துனது அஞ்சு பேருக்கு," பாவாடை பக்கத்தைப் புரட்டினார். "நாலு சாவும் அதுலதான். பழைய பெட்டி ஏழு பேரும் நல்லா இருக்காங்க."

"இவ்ளோ கம்மி எண்ணிக்கைக்கு எந்தப் புள்ளியியல் சோதனையும் செல்லாதுங்க," என்றார் டாக்டர். " நானும் படிச்சிருக்கேன்."

"நீங்க படிச்சது பெரிய கூட்டத்துக்கு. சின்னதுக்குத் துல்லியச் சோதனைன்னு ஒண்ணு இருக்கு. ஒவ்வொண்ணா எண்ணிடணும். பன்னெண்டு பேர்ல நாலு பேரை நானூத்தித் தொண்ணூத்தஞ்சு விதமா பொறுக்கலாம். நாலும் அந்த அஞ்சு பேருக்குள்ளயே வர்றது அஞ்சே விதம். தற்செயலா நடக்க தொண்ணூத்தொம்போதுல ஒரு வாய்ப்பு."

இன்ஸ்பெக்டரின் பார்வை டாக்டர் பக்கம் திரும்பியது.

"அப்ப அஞ்சாவது ஆளு எப்படிப் பொழைச்சுது?" டாக்டர் சிரித்தார். "ராணியம்மா, இங்க வா. உனக்கும் அதே பாட்டில்தானே?"

மலைக்காரப் பெண் துணிப்பையோடு மெல்ல நடந்து வந்தாள்.

"ஆமாங்க."

"கேட்டீங்களா சார்?"

"ஆனா ஏறலீங்களே. கை எரிஞ்சுது. நீங்க அந்தாண்ட போனதும் திருகி நிறுத்திட்டேன்."



"பாட்டில் எங்கம்மா?" இன்ஸ்பெக்டரின் குரல் இறங்கியிருந்தது.

"பையிலதாங்க. கண்ணாடி பாட்டிலு... தேன் ஊத்தி வைக்கலாம்னு எடுத்துக்கினேன். இன்னும் மருந்தைக் கொட்டல."

நாலு காலிப் பாட்டில்களைக் காலையிலேயே உடைத்துப் புதைத்திருந்தார் டாக்டர். ஐந்தாவதை இன்ஸ்பெக்டர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அடியில் பாசிபோல் ஏதோ மிதந்தது. காலாவதித் தேதிமேல் புதுச் சீட்டு ஒட்டியிருந்தது. நகத்தால் கீறினார்.

டிசம்பர் 1985.

தமிழரசனின் கைவிலங்கு கழன்றது. டாக்டரின் கையில் பூட்டியது.

பாவாடை நோட்டில் ஒரு எண்ணை அடித்து எழுதினார்.

"ஏறுனது நாலு, செத்தது நாலு. இப்ப நானூத்தித் தொண்ணூத்தஞ்சுல ஒண்ணு டாக்டர். வேற சாட்சி இருந்தா அவங்களையும் கூப்புடுங்க!"