நிறுத்தினால் இருபத்தொன்பது

ஆதரவுமானி வந்த பிறகு தலைவர் மாளிகையில் யாரும் யாருடனும் வாதாடுவதில்லை. எடுக்கப்போகும் முடிவைத் தட்டினால் போதும். அடுத்த மாதம் மக்களில் நூற்றுக்கு எத்தனை பேர் தலைவர் பக்கம் நிற்பார்கள் என்று சொல்லிவிடும். ஒரு தடவைகூடப் பிசகியதில்லை.

பாதுகாப்புப் பொறியாளர் கயற்கண்ணிக்கு அந்தச் சனியனைக் கண்டாலே ஆகாது. நிலவிலிருந்து முப்பத்தெட்டுப் பேரை அழைத்துவரப் புறப்படவிருந்த விண்கலத்துக்கு வயது நாற்பத்தொன்று. அதன் வெப்பக் கவசத்தில் கீறல் விழுந்திருந்தது. திரும்பி வரும்போது காற்று மண்டலத்தில் அது பிளந்தால் அத்தனை பேரும் சாம்பல்தான். அவர்களில் ஒருத்தி அவளுடைய தங்கை அஞ்சுகம்.

“புதுக் கலம் தயாராக ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் இதை அனுப்பாதீங்கம்மா,” என்றாள் தலைவரிடம்.

செயலாளர் சேந்தன் தட்டிப் பார்த்தார். நிறுத்தினால் 29. அனுப்பிப் பத்திரமாக வந்தால் 55.

“விபத்து நடந்தா?” என்று கேட்டார் தலைவர் தில்லைநாயகி.

சேந்தன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “அதையும் போட்டுப் பாத்தாச்சும்மா. நீங்க வீடு வீடாப் போய்த் துக்கம் விசாரிச்சா எழுபத்தொண்ணு.”

நிறுத்தும் உத்தரவில் கையெழுத்துப் போடாமல் தலைவர் பேனாவை மூடி வைத்தார்.

“அப்ப நீங்களே அதுல போய் அவங்களைக் கூட்டிட்டு வாங்கம்மா,” என்றாள் கயற்கண்ணி. வேலை போனால் போகட்டும் என்றிருந்தது. “சார், அதையும் போட்டுப் பாருங்க.”

சேந்தன் தட்டினார். தலைவர் பத்திரமாகத் திரும்பினால் 64. திரும்பாவிட்டால் 93.

தலைவர் சிரித்துவிட்டார். “நான் செத்தாத்தான் இந்த ஜனங்களுக்கு என்னைப் பிடிக்கும் போல.”

சேந்தன் சிரிக்கவில்லை. கண் திரையை விட்டு அகலவில்லை.

“அடுத்த வருஷம் தேர்தல்மா,” என்றார் மெதுவாக. “கலத்துல ஒரு இடம் காலியாத்தான் இருக்கு.”

தலைவர் அவரை நெடுநேரம் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, கலத்தை நிறுத்தும் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். அதைக் கயற்கண்ணியிடம் நீட்டினார்.

மறுமாதம் கணக்கெடுத்தார்கள். சரியாக 29.

ஆறு மாதம் கழித்து அஞ்சுகம் புதுக் கலத்தில் வந்து இறங்கினாள். அக்காவைக் கட்டிக்கொண்டு அழுது தீர்த்துவிட்டு, மூக்கைத் துடைத்தாள்.

“எங்களை அங்கயே காயப்போட்டுட்டாங்களே அந்தம்மா. கீறலாம், கீறல். ஒண்ணும் ஆயிருக்காதுக்கா. இனிமே என் ஓட்டு அவங்களுக்குக் கிடையாது.”

எதிர்த்து ஓட்டுப் போடவாவது உயிரோடு வந்தாளே என்று நினைத்தபடி கயற்கண்ணி அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.