முன்னறையில் தூங்குகிறாள்

கேம்பர் என்னும் சக்கர வீடுகளை நிறுத்தும் மைதானத்தின் வாசலைத் தாண்டி, அப்படியொன்றை இழுத்துக்கொண்டு ட்ரக் திரும்பியபோது, நெல்டா பக்கவாட்டுக் கண்ணாடியில் எதேச்சையாகப் பின்னால் பார்த்தாள். கேம்பரை அவர்களுக்கு விற்ற கிழவர் ஹாஸ்கெல் சாலையோரம் நின்று கையாட்டிக்கொண்டிருந்தார். தனியாக.

"ஆர்லிஸ், அவரோட பொண்டாட்டி எங்க?"

"வீட்டுக்குள்ள இருப்பாங்க," என்றான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவள் கணவன்.

"எந்த வீட்டுக்குள்ள? நாம இழுத்துட்டுப் போற இதுதானே அவங்க வீடு!"

வயோமிங்கின் மொட்டை வெளியில் காற்று வண்டியைப் பக்கவாட்டில் இடித்துக்கொண்டே வந்தது.

நெப்ராஸ்காவில் இருபத்தாறு வருஷம் குடியிருந்த வீட்டை விற்றாகிவிட்டது. இனி சாகும்வரை இந்தப் பழைய கேம்பர்தான் கூரை. அதனால்தான் முதன்முறை வாங்குபவர்களுக்கான அறிவுரைகளையெல்லாம் நெல்டா மாதக்கணக்கில் படித்து மனப்பாடமாக வைத்திருந்தாள். டயர் எந்த வருஷத்தியது என்று பார். கூரைமேல் ஏறிப் பார். வாசனைத் திரவியம் அடித்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எல்லாச் சுவரையும் உள்ளங்கையால் அழுத்திப் பார்; பொதபொதவென்று அமுங்கினால் உள்ளே தண்ணீர் இறங்கி மரம் உளுத்துவிட்டது என்று அர்த்தம்.

அவளும் சமையலறை, குளியலறை, அலமாரிக்குப் பின்புறம் என்று ஒன்று விடாமல் தட்டி அழுத்திப் பார்த்தாள். எல்லாம் கல் மாதிரி இருந்தன. ட்ரக்கின் முதுகுமேல் நீட்டிக்கொண்டு உட்காரும் படுக்கையறைக்கு இரண்டு படி ஏற வேண்டும். அங்கேதான் ஹாஸ்கெல் குரலைத் தாழ்த்தினார்.

"முன்னறையில வீட்டுக்காரி தூங்குறா. ராத்திரி பூரா கண்ணே மூடல. எழுப்பிட வேண்டாமே, அம்மா."

கதவிடுக்கில் போர்வையும் ஒரு நரைத்த கூந்தல் கற்றையும் தெரிந்தன. தூங்குகிற மனுஷி தலைமாட்டில் போய் யாராவது சுவரைத் தட்டுவார்களா? நெல்டாவுக்கே வெட்கமாகப் போய்விட்டது. கதவை மெல்லச் சாத்தினாள்.

இப்போது அந்த அறை அவள் தலைக்குப் பின்னால், ஒரு கண்ணாடியும் கையெட்டும் தூரமும் தள்ளி வந்துகொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து தட்டும் சத்தம். டொக். சற்று இடைவெளி விட்டு இன்னொரு டொக். யாரோ பலகையைச் சாண் சாணாகச் சோதித்துக்கொண்டு வருவது போல.

"காத்துடி, வேற ஒண்ணுமில்ல," என்றான் ஆர்லிஸ். ஆனால் வானொலியின் சத்தத்தைக் கூட்டினான்.

சாயங்காலம் அடுத்த மைதானத்தில் நிறுத்தியதும் நெல்டாதான் முதலில் ஏறினாள். காலையில் இல்லாத லாவெண்டர் மணம். அதற்கடியில் ஈரச்சாக்கின் நாற்றம். முன்னறைப் படுக்கை சுருக்கமில்லாமல் விரித்திருந்தது. யாரும் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டாள். விட்டுப்போனதைச் செய்துவிடலாமென்று தலைமாட்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

பாலில் ஊறிய ரொட்டி மாதிரி அமுங்கியது.

பிறகு, உள்ளேயிருந்து, திருப்பி அழுத்தியது.

ஐந்து விரல். வெதுவெதுப்பாக.

அவள் அப்படியே படுக்கையில் விழுந்தாள். அதோடு சரி. பிறகு எழுந்திருக்கவே இல்லை. ஆர்லிஸ் அவளை வாரித் தூக்கிக்கொண்டு படியிறங்கினால் மூச்சு நின்று முகம் நீலமாகும். திரும்பக் கொண்டுவந்து கிடத்தினால் மூச்சு வரும். உதவிக்கு ஆள் கூப்பிட ஓடினான். மைதானத்து வாசலைத் தாண்டும்போது அவனுக்கும் தொண்டை அடைத்தது. தவழ்ந்து திரும்பி வந்தான்.

மூன்றாம் நாள் அவன் போனில் அழுவது கதவுக்கு வெளியே கேட்டது.

"நாசமாப் போறவனே, ஹாஸ்கெல்! இன்னொருத்தன் தலையில கட்டித்தான் நீ தப்பிச்சியா?"

பிறகு போனை வைத்தான். உள்ளே வந்து நெற்றியில் முத்தமிட்டான். போர்வையை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டான். அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் பட்டப்பகலில் லாவெண்டர் தெளிக்கும் சத்தம். அப்புறம் புதுக் குரல்கள். ஓர் இளம் தம்பதி. பெண்ணின் உள்ளங்கை சுவர் சுவராகத் தட்டிக்கொண்டு வந்தது. சமையலறை. குளியலறை. அலமாரி. கெட்டிக்காரி, நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறாள். வாம்மா, வா, இன்னும் ரெண்டே படி, என் தாயே, இந்தச் சுவரையும் தட்டிப் பாரு! நெல்டா அடித்தொண்டையிலிருந்து கத்தினாள். வெளியே வந்தது தூக்கத்தில் விடும் பெருமூச்சு.

முதல் படி கிறீச்சிட்டது. இரண்டாவது படி.

"முன்னறையில வீட்டுக்காரி தூங்குறா," என்றான் ஆர்லிஸ். அவன் குரல் நடுங்கவே இல்லை. "ராத்திரி பூரா கண்ணே மூடல."

கதவிடுக்கில் ஒரு கண் தெரிந்தது. இரக்கமுள்ள கண்.

"ஐயோ, பாவம். எழுப்பாதீங்க," என்று அந்தப் பெண் கிசுகிசுத்தாள்.

கதவு சத்தமில்லாமல் மூடியது.

கொஞ்ச நேரத்தில் அந்த இளம் தம்பதியின் ட்ரக் பின்னால் வந்து கேம்பருடன் மோதிப் பூட்டிக்கொண்டது. தரை நகரத் தொடங்கியது. தலைமாட்டுச் சுவர் மெதுவாக உள்வாங்கியது. அதற்குள் படுத்திருந்த நரைத்த கூந்தல்காரி சற்று ஒதுங்கிப் படுத்து, நெல்டாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.