மாடியறைக் காய்ச்சல்

காப்பகத்தின் வாசலில் வண்டி நின்றதும் மழை பிடித்துக்கொண்டது. அவள் குழந்தைகள் நலத்துறைக்குப் புதிதாக வந்த ஆய்வாளர். போன மழைக்காலத்தில் இந்தக் காப்பகத்தில் ஒரு சிறுமி காய்ச்சலில் இறந்திருந்தாள். தகுந்த கவனிப்பு இருந்தது என்று மேலிடம் கையைக் கழுவிவிட்டது. அவளுக்குத்தான் மனசு ஆறவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி வந்துவிட்டாள்.

காப்பாளர் அம்மாள் வாயெல்லாம் பல்லாக வரவேற்றாள். கூடத்தில் பினாயில் நெடி மூக்கைத் துளைத்தது. சுவரோரம் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை பிள்ளைகள் இருந்தும் ஒரு சிரிப்பு இல்லை, ஒரு சண்டை இல்லை.

"டீ சாப்பிடுங்க மேடம். உங்களுக்கு முன்னாடி இருந்த சார் இங்கயேதான் உக்காருவார். மாடி ஏறி முட்டியைக் கெடுத்துக்கவே மாட்டார்."

டொக்.

மாடியிலிருந்து.

பிள்ளைகள் எல்லோரும் ஒன்றுபோலத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"காத்துக்குக் கதவு அடிச்சுக்குது மேடம்."

டொக். டொக்.

காற்றுக்கு ஏது அந்த நிதானம்? களைத்துப்போன யாரோ உள்ளங்கையால் தட்டுவது போலிருந்தது.

ரெட்டைச்சடை போட்ட சிறுமி ஒருத்தி மெல்ல நகர்ந்து வந்து, அவள் காதோரம் கிசுகிசுத்தாள்.

"அவதான் அக்கா. அன்னைக்கும் இப்படித்தான் தட்டினா. அந்த சாருக்கும் கேட்டுச்சு. மேல தச்சு வேலை நடக்குதுன்னு இவங்க சொல்லிட்டாங்க."

ஆய்வாளர் எழுந்தாள்.

"மாடிச் சாவி குடுங்க."

"அது சாமான் போடற ரூம் மேடம், ஒரே தூசி..."

"சாவி."

படியேற ஏற அனல் அடித்தது. வெளியே கொட்டும் மழை. இங்கே கைப்பிடிச் சுவர்கூடச் சுட்டது. கதவில் துருப்பிடித்த பூட்டு தொங்கியது. அவள் பலகையில் கை வைத்தாள். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி போலக் கொதித்தது.

அதே இடத்தில், மறுபக்கத்திலிருந்து, மெதுவாக ஒரு தட்டு.

பூட்டைத் திறந்தாள்.

உள்ளே யாருமில்லை.

ஜன்னல்கூட இல்லாத அறை. வியர்வையும் வாந்தியும் கலந்த பழைய வாடை மட்டும் குப்பென்று முகத்தில் அடித்தது.

பின்னால் வந்த காப்பாளர் அம்மாள் அப்படியே படியில் சரிந்து உட்கார்ந்தாள். "மத்ததுங்களுக்கும் ஒட்டிக்கும்னுதான் பூட்டினேன்... விடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாம்னுதான்..."

"விடிஞ்சப்போ?"

காப்பாளர் அம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஆய்வாளர் மேலதிகாரிக்குப் போன் போட்டாள்.

"பழசைக் கிளறாதம்மா," என்றார் அவர். "எல்லாரும் மாட்டுவோம்."

"மாட்டட்டும் சார். போலீசுக்குச் சொல்லப் போறேன். பிள்ளைங்களையும் இப்பவே கூட்டிட்டு வரேன்."

பொழுது சாய்வதற்குள் காப்பாளர் அம்மாளைப் போலீஸ் அழைத்துப் போனது. பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு வண்டியில் ஏறினார்கள். வாசல் கதவைச் சாத்த ஆய்வாளர் மட்டும் கடைசியாக நின்றாள்.

அப்போது அவள் வலது கைக்குள் ஒரு சின்னக் கை நுழைந்தது.

குனிந்து பார்த்தாள். வெறும் தரைதான் தெரிந்தது.

ஆனாலும் அவள் கையை உதறவில்லை. மழையில் குழந்தை நடைக்கு ஏற்றபடி மெல்ல நடந்து வந்து வண்டியில் ஏறினாள். யாரும் சொல்லாமலே ரெட்டைச்சடை கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.

ஊரெல்லை தாண்டியும் ஆய்வாளரின் உள்ளங்கையில் அந்தச் சூடு இறங்கவே இல்லை.