போன் மூலையில் ஆடிய தூளி

நாகலூரில் காப்பித் தோட்டத்து நடுவே இருந்த அந்தப் பழைய பங்களாவுக்கு ஷீனா குடிவந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. கையில் எட்டு மாதக் குழந்தை, கழுத்தை நெரிக்கும் ஆபீஸ் வேலை. தூங்கும் குழந்தையைக் கேமரா வழியாகப் பார்த்துக்கொள்ளும் செயலி ஒன்றை அவள் கம்பெனி தயாரித்துக்கொண்டிருந்தது. போனில் வேறு வேலை பார்த்தாலும் அந்த வீடியோ மூலையில் சின்னக் கட்டமாக மிதக்க வேண்டும். அதைச் செய்துமுடிப்பது ஷீனாவின் பொறுப்பு. பழைய போன் ஒன்றைக் கேமராவாக உள்ளறைச் சுவரில் மாட்டிவைத்திருந்தாள்.

முந்தின நாள் சோதனைக்கு ஆடுகிற படம் தேவைப்பட்டது. பாப்பாவோ படுக்க மாட்டேனென்று அடம்பிடித்தாள். சரி போ என்று வெறும் தூளியை ஆட்டிவிட்டுப் படம் பிடித்தாள் ஷீனா. வீட்டு வேலைக்கு வரும் மல்லிகாவுக்குப் பகீரென்றது.

"ஏனுங்க அம்மிணி, வெறுந்தூளிய ஆட்டாதீங்க. வேற எதாச்சும் வந்து படுத்துக்குமுங்க."

"நீங்க வேற, மல்லிகாக்கா!" என்று சிரித்தாள் ஷீனா.

மல்லிகா சிரிக்கவில்லை. கடைக்குப் போய்க் கறுப்பு வளையல் வாங்கிவந்து பாப்பாவின் இரண்டு கையிலும் போட்டுவிட்டாள்.

இன்று மத்தியானமே பனிமூட்டம் சன்னலை அடைத்துக்கொண்டது. பாப்பா உள்ளறைத் தூளியில் தூங்கினாள். ஷீனா கூடத்தில் உட்கார்ந்து போனில் மெயில் அடித்துக்கொண்டிருந்தாள். மூலையில் கட்டம் மிதந்தது. அதில் ஒரு கை தூளியை ஆட்டிக்கொண்டிருந்தது. மல்லிகாக்கா பின்வாசல் வழியாக வந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நிம்மதியாக நினைத்துக்கொண்டாள்.

முன்கதவு திறந்தது. நனைந்த குடையோடு மல்லிகா உள்ளே வந்தாள்.

"பஸ்ஸு நொம்ப லேட்டுங்க. பாப்பா முழிச்சிருச்சுங்களா?"

ஷீனா போனும் கையுமாக எழுந்தாள்.

ஓடினாள்.

அறையில் யாருமில்லை. ஈரமண் வாடை மட்டும் குப்பென்று அடித்தது. தூளி ஆடிக்கொண்டிருந்தது. குழந்தை கண் விழித்துக் கிடந்தது, அழாமல்.

"கர்த்தரே!"

வாரியெடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டாள். முதல் வேலையாக அந்தச் செயலியைப் போனிலிருந்து அழித்தாள்.

கட்டம் போகவில்லை.

அதில் தூளி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. துணி பாரத்தில் தொய்ந்திருந்தது. அதை விலக்கிக்கொண்டு ஒரு பிஞ்சுக் கை வெளியே நீண்டது.

மணிக்கட்டில் கறுப்பு வளையல்.

"அம்மிணி..." மல்லிகா ஷீனாவின் தோளைக் காட்டினாள். "பாப்பா வளையலு எங்கீங்க?"

ஷீனா மெல்லத் திரும்பிப் பார்த்தாள். தோளில் கிடந்த குழந்தையின் இரண்டு கையும் வெறுமையாக இருந்தன.

அந்தக் கைகள் அவள் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டன.